இருபதுக்கு இருபது

செப்டம்பர் 10, செவ்வாய்

ஐந்து வருடமாக நான் டைரி எழுதவில்லை. இன்று கிளாட்வினைக் கடைக்கு அனுப்பி இதை வாங்கி வரச் சொன்னேன். கோடுகளை இவ்வளவு மங்கலாக அச்சடித்து எப்படித்தான் விற்கிறார்களோ. தடித்த பேனாவால் எழுதுகிறேன்.

எழுதக் காரணம் உண்டு. காலை பதினொரு மணிக்கு, நான் படித்த கான்வென்டின் தலைமையாசிரியை சிஸ்டர் லியோனி எங்கள் ஹோட்டலுக்கு நேரில் வந்தார்கள். டிசம்பர் எட்டாம் தேதி பள்ளிக்கு நூற்றாண்டு விழா. அறுநூறு பேர். மதிய விருந்தை எங்கள் விடிவெள்ளி ஹோட்டல்தான் சமைக்க வேண்டுமாம். தூத்துக்குடியில் வேறு ஹோட்டலே இல்லாதது போல் எங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். என் வகுப்பில் உயிரோடு இருக்கும் பதினோரு பேரும் வருகிறார்கள். கணக்கில் என்னை எப்போதும் இரண்டாமிடத்துக்குத் தள்ளிய ரோஸலின்ட் மிராண்டா கனடாவிலிருந்து வருகிறாளாம். அதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை.

ஒரே நிபந்தனை: உணவு பாதுகாப்புத் துறையின் ஆய்வுச் சான்று வேண்டும். நூற்றுக்கு எண்பதுக்குக் குறையக் கூடாது.

"எண்பதா சிஸ்டர்? எங்களுக்கு அது பாஸ் மார்க்குகூட இல்ல" என்றேன்.

வெறும் பெருமைக்குச் சொல்லவில்லை. என் கணவர் ஜஸ்டின் இறந்த மறுவாரத்திலிருந்து, ஒன்பது வருடமாக, தினமும் மாலை நான்கு மணிக்குச் சமையலறைக்குள் போய்ப் பார்த்து இருபதுக்கு மார்க்குப் போடுகிறேன். வெள்ளைக் கைக்குட்டையை அடுப்புமேடை, அலமாரித் தட்டு, ஜன்னல் விளிம்பு என்று வரிசையாக ஓட்டி எடுப்பேன். கான்வென்ட் விடுதியில் எங்களைப் பார்த்துக்கொண்ட மதர் அகாதா அப்படித்தான் செய்வார்கள். கைக்குட்டையில் கறை இருந்தால் எந்த இடம், யார் பொறுப்பு, எப்போது சரியானது எல்லாம் புத்தகத்தில் ஏறும். கடந்த பதினான்கு மாதமாக ஒரு நாளும் இருபதுக்குக் குறையவில்லை.

இன்றும் இருபது.

செப்டம்பர் 11, புதன்

பின்வாசல் படியில் கால் தடுக்கியது. கொத்தனார் பூச்சுப் பூசுகிறேன் என்று படியை உயர்த்திவிட்டான். கிளாட்வின் இல்லவே இல்லை என்கிறான். அவனுக்கு அளவு பார்க்கத் தெரியாது.

செப்டம்பர் 16, திங்கள்

ஆய்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. மூன்று வாரத்துக்குள் அதிகாரி வருவார், தேதி சொல்ல மாட்டார்கள். எழுபத்து மூன்று வயதில் எனக்குப் பரீட்சைக் காய்ச்சல் வந்திருக்கிறது. காலையில் நான்கரைக்கே விழித்துவிட்டேன்.

சமையலறையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினேன். தலைமை மாஸ்டர் சவரிமுத்து இருபத்தாறு வருடமாக எங்களோடு இருப்பவர். நெஞ்சில் கை வைத்து, "அம்மா கவலையே படாதீங்க. சட்டி பானையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆக்கிருதேன்" என்றார்.

பாத்திரம் துலக்கும் பேச்சியம்மாள் தொட்டிப் பக்கமிருந்து, "அம்மா, அந்தப் பொகக்கூண்ட மட்டும் ஒருக்கா…" என்று ஆரம்பித்தாள்.

"ஏளா பேச்சி, ஒன் வேலயப் பாரு" என்றார் சவரிமுத்து.

அவள் எதற்கும் ஒரு வார்த்தை சேர்க்கிற ஆள். புகைக்கூண்டை நானே நிமிர்ந்து பார்த்தேன். வழவழவென்று நல்ல பழுப்பு நிறத்தில், வார்னிஷ் பூசியது போல் இருந்தது.

கணக்கு வழக்கையும் ஹோட்டலையும் கவனிக்கும் கிளாட்வின் ஜஸ்டினின் தம்பி மகன். வெளியே வரும்போது, "பெரியம்மா, இந்த ஒரு மாசம் நானும் உங்க கூட சேர்ந்து பாக்கட்டா?" என்று கேட்டான். "உனக்கு உன் போனப் பாக்கவே கண்ணு போதல" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

இருபது.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோவிலில் புது விளக்குகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. மலிவான சரக்கு. பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் சொன்னேன். விளக்கு எதையும் மாற்றவில்லை என்றார். அவருக்கு யாரோ தெரியாமல் மாற்றியிருக்கிறார்கள்.

பேச்சியம்மாள் துவைத்துத் தந்த கைக்குட்டைகள் மஞ்சளாக இருக்கின்றன. புது டஜன் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் அவையும் மஞ்சள். கடைக்காரரைக் கேட்டேன். "டீச்சரம்மா, இதவிட வெள்ளைய நான் செத்தப்புறந்தான் பாக்கணும்" என்கிறார். நான் டீச்சர் இல்லை என்பதைத் திருத்தினேன்.

அக்டோபர் 7, திங்கள்

வந்துவிட்டாள்.

காலை பத்தே கால். சவரிமுத்து மீன்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஜீப் நின்ற சத்தம். உணவு பாதுகாப்பு அலுவலர், பெயர் ரஹ்மத் நிஷா. குரலை வைத்துப் பார்த்தால் முப்பத்தைந்து இருக்கும். கிளாட்வின் ஏசி அறையைத் திறந்து, "மேடம், உக்காருங்க, காபி சாப்ட்டுட்டு நிதானமா பாக்கலாம்" என்றான்.

"காபி அப்புறம் தம்பி. முதல்ல அடுப்படி."

அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நான் கூடவே நடந்தேன். இது பச்சை மீன் பெட்டி, இது மசாலா அலமாரி, இது மாவு மேடை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் டார்ச்சைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. குனிந்தாள், நிமிர்ந்தாள், ஸ்டூல் கேட்டு அதன் மேல் ஏறினாள். அவளுடைய பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பாராட்டா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கடைசியில் பதிவேடுகள் கேட்டாள். குடிநீர்ப் பரிசோதனை, வேலையாட்களின் மருத்துவச் சான்று எல்லாம் கிளாட்வின் எடுத்து வைத்தான். நான் என் மார்க்குப் புத்தகங்கள் மூன்றை வைத்தேன். அவள் பக்கம் புரட்ட ஆரம்பித்தவள், நிறுத்தவில்லை. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இத நீங்களே எழுதுறீங்களாம்மா? தெனமும்?"

"ஒன்பது வருஷமா. ஒரு நாள் விட்டதில்ல."

"போட்டோ எடுத்துக்கட்டுமா?"

தாராளமாக என்றேன். ஜஸ்டின் இருந்திருக்க வேண்டும். காபி குடித்தாள், அதற்குரிய காசைக் கொடுத்தே தீருவேன் என்று கொடுத்தாள், போனாள். நாளை அறிக்கை வரும். தொண்ணூற்று ஆறா, தொண்ணூற்று எட்டா? சவரிமுத்துவிடம் பந்தயம் கட்டலாமா என்று கேட்டேன். அவர் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அவருக்கும் படபடப்பு.

இருபது. நியாயமாக இன்று இருபத்தொன்று.

அக்டோபர் 8, செவ்வாய்

ஐம்பத்தெட்டு.

நகல் தாளில் எழுத்து மங்கலாக இருந்ததால் கிளாட்வினை வாசிக்கச் சொன்னேன். அவன் இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தான். புகைக்கூண்டில் விரலளவு எண்ணெய்ப் பிசுக்கு. மீன் பெட்டிக் கதவின் ரப்பரில் கறுப்புப் பூசணம். மசாலா அலமாரிக்குப் பின்னால் கரப்பான் முட்டைகள். மீன் வெட்டிய பலகையிலேயே வெங்காயம். பாத்திரத் தொட்டிக்கு அடியில் சாக்கடை மூடி உடைந்து தண்ணீர் தேங்கியிருக்கிறது. இப்படிப் பதினேழு குறைகள். பதினான்கு நாளில், அதாவது இருபத்தொன்றாம் தேதிக்குள், சரிசெய்ய வேண்டும். மறு ஆய்விலும் தவறினால் உரிமம் நிறுத்தப்படும்.

ஹோட்டலை மூடுவது. ஜஸ்டின் இருபத்தெட்டு வயதில் நான்கு மேசையோடு தொடங்கிய ஹோட்டலை.

நேற்று நான் பார்த்த சமையலறையில் அதில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் வேறு எங்கோ பார்த்ததை இங்கே எழுதியிருக்கிறாள். மாவட்ட அலுவலருக்கு மேல்முறையீடு எழுதினேன். நான்கு பக்கம். பதினேழு குறைக்கும் என் புத்தகத்திலிருந்து பதினேழு மறுப்பு, தேதியோடு. எனக்கு இப்படி ஒரு விறுவிறுப்பு வந்து எத்தனையோ வருடமாகிறது.

"நாளைக்கு நானே கொண்டு போறேன்" என்றேன்.

"பெரியம்மா, கொஞ்சம் பொறுத்துப் போலாமே" என்றான் கிளாட்வின்.

"பொறுக்கிறவ இல்ல நான்."

"அது ஊருக்கே தெரியும்" என்று முனகினான். காது எனக்கு நன்றாகக் கேட்கிறது.

அக்டோபர் 9, புதன்

அலுவலகத்தில் மாவட்ட அலுவலர் இல்லை. ரஹ்மத் நிஷாதான் இருந்தாள். எழுந்து நின்று நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. என் புத்தகம் சொல்வதை எழுதாமல் நீங்கள் எதை எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"உங்க புத்தகத்ததாம்மா நேத்து பூரா படிச்சேன்" என்றாள். "எனக்கு இருநூறு ஓட்டல் இருக்கு. எல்லா எடத்துலயும் ரெகார்டு காட்டுவாங்க. ஒரே பேனால, ஒரே நாள்ல, மூணு மாசத்துக்கும் சேத்து எழுதியிருப்பாங்க. ஆபீசருக்காக எழுதுறது. நீங்க உங்களுக்காக எழுதியிருக்கீங்க. ஒம்பது மார்க்கு, பதினாலு, பதினொண்ணு. புகைக்கூண்டுல பிசுக்கு, சவரிமுத்து, மறுநாள் சரியாச்சு. இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல."

நான் உட்கார்ந்தேன்.

"அது போன வருசம் ஜூலை வரைக்கும். அப்புறம் இருவது. அடுத்த நாள் இருவது. இன்னிவரைக்கும் இருவது."

"அது முன்னேற்றம்."

"முன்னேற்றம்னா பதினஞ்சு, பதினாறு, திரும்ப பதினாலு, அப்படித்தானம்மா வரும்? பதிமூணுலேருந்து ஒரே வாரத்துல இருவதுக்குப் போயி அங்கயே நிக்காது. பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு பொண்ணு மார்க்கு வாங்குனா நீங்க என்ன நெனப்பீங்க?"

மதர் அகாதா என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் தன் போனை என் பக்கம் நகர்த்தினாள். "அந்த மாசத்துலேருந்து எழுத்தும் மாறுது. ஒரு பக்கத்துக்கு இருபது வரி எழுதினவங்க இப்ப எட்டு வரி எழுதுறீங்க. கோட்ட விட்டுக் கீழ எறங்குது. ரெகார்டுல நான் ஓட்டல மட்டும் பாக்க மாட்டேன்மா. எழுதுனவங்களையும் பாப்பேன்."

நான் போனைப் பார்த்தேன். வெளிச்சமாக ஒரு சதுரம் தெரிந்தது.

"எங்க உம்மாவும் அரிசில கல்லே இல்லன்னு ஒரு வருசம் சொல்லிட்டிருந்தாங்க" என்றாள் அவள், வேறு யாரைப் பற்றியோ பேசுவது போல. "நாங்களும் பல்லக் கடிச்சுக்கிட்டு சாப்ட்டோம். கண்ணுல ஆபரேசன் ஆகி வந்த மறுநாளு ஒரு பிடி கல்லு பொறுக்கிக் காட்டுனாங்க. எங்கள எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு ஏசுனாங்க."

மேல்முறையீட்டுக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை. வெயில் அதிகமாக இருந்தது. ஆட்டோவில் வந்தேன்.

அதே நாள், மாலை

நான்கு மணிக்குச் சமையலறைக்குப் போனேன். கைக்குட்டையை எடுக்கவில்லை. சவரிமுத்துவைக் கேட்டேன்.

"மாஸ்டர், உங்களுக்குத் தெரியுமா?"

அவர் அடுப்பைத் தணித்தார். பிறகு, "தெரியும்மா" என்றார்.

"எப்பலேருந்து?"

"போன வருசம் மாதா திருவிழாவுக்கு முந்தி. கடலமாவு டப்பாவத் திறந்து பாத்துட்டு, சர்க்கர நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்லுதது? உங்க மொகத்தப் பாத்து உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு நான் சொல்லவா?"

தொட்டிப் பக்கமிருந்து பேச்சியம்மாள் குரல் வந்தது. "நான் சொல்லுதேன்னுதான் சொன்னேன். இவருதான் வாயப் பொத்துன்னாரு. முதல்ல மரியாதைக்குச் சொல்லாம இருந்தாரு. அப்புறம் தெனமும் இருவது மார்க்கு வந்தா யாரு வேண்டாம்பா? பொகக்கூண்டுல ஏறி எறங்குத வேல மிச்சம்லா."

"ஏளா…"

"சொல்லட்டும்" என்றேன்.

"கைக்குட்டைய நீங்க என் கைல துவைக்கக் குடுப்பீங்க. கரியா இருக்கும். நான் துவைச்சு வெயில்ல போடுவேன். நீங்க இருவதுன்னு எழுதியிருப்பீங்க. ஒரு வருசமா நானும் பாக்கேன். வயித்தெரிச்சலா இருக்கும்மா."

இன்று மார்க்குப் போடவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் முறை.

அக்டோபர் 10, வியாழன்

கிளாட்வினின் நச்சரிப்புத் தாங்காமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். முதல் எழுத்தை வாசித்தேன். அடுத்த வரி என்றார். அடுத்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

ஹோட்டலில் பாதிப் பேர் இந்துக்கள். ஜஸ்டின் காலத்திலிருந்தே இன்று மதியத்தோடு அடுப்பை அணைத்து எல்லாவற்றையும் கழுவி விடுவது வழக்கம். அரிவாள்மனைக்கும் கிரைண்டருக்கும் சந்தனம் வைத்து, பொரி கடலை தருவார்கள். நான் சிலுவை போட்டுக்கொண்டு பொரி வாங்கிக்கொள்வேன்.

எல்லோரும் கூடியிருந்தபோது அறிவித்தேன். மறு ஆய்வு வரைக்கும், அதற்குப் பிறகும், சமையலறையைப் பார்ப்பது பேச்சியம்மாள். அவள் சொல்வாள், நான் எழுதுவேன். மார்க்கு அவள் போடுவது.

யாரோ சிரித்தார்கள். சவரிமுத்து, "பாத்திரம் துலக்குதவ எனக்கு மார்க்குப் போடுவாளாம்மா?" என்றார்.

"கறுப்பையும் வெள்ளையையும் ஒரு வருஷமாப் பிரிச்சுப் பாத்தது அவதான்."

பேச்சியம்மாள் கையைப் புடவையில் துடைத்தாள். "அப்ப இன்னைக்கே பாத்துருதேன்" என்றாள்.

பார்த்தாள். ஏணி போட்டுப் பார்த்தாள், தரையில் படுத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆனது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதிகாரியின் பதினேழையும் சொன்னாள். அதற்கு மேல் ஐந்தும் சொன்னாள். ஈரத் துணி காயப்போட ஒரு கொக்கி கிடையாது. சோடாத் தூளில் கை புண்ணானால் போட உறை கிடையாது. அதிகாரி எழுதிய அந்தச் சாக்கடை மூடி உடைந்து ஆறு வருடம் ஆகிறதாம்.

"ஆறா? ஆறு வருஷத்துக்கு முந்தி எனக்குக் கண் நல்லாத் தெரியுமே" என்றேன். "நான் தினமும் பாத்தேனே."

"பாத்தீங்க. ஆனா அம்மா கைக்குட்ட இடுப்புக்குக் கீழ வந்ததே கெடையாதுல்லா."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. அவள் சொன்னது சரி. மதர் அகாதாவும் ஜன்னல் விளிம்போடு நிறுத்திக்கொள்வார்கள். ஒன்பது வருடத்தில் நான் அந்தச் சமையலறையில் ஒரு முறைகூடக் குனிந்ததில்லை.

மார்க்கு: இருபதுக்கு நான்கு. எழுதும்போது எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஏழு. சவரிமுத்து ஏணியில் ஏறிப் புகைக்கூண்டைத் தானே சுரண்டினார். ஒரு வாளி பிசுக்கு வந்தது. "இத வச்சு இன்னொரு ஓட்டலுக்குத் தாளிக்கலாம்" என்றாள் பேச்சியம்மாள். அவர் ஏணியிலிருந்தே சுரண்டியை ஓங்கினார். இரண்டு பேரும் சிரித்ததை முதல் முறையாகக் கேட்டேன்.

நாளை ஆபரேஷன். பயம் இல்லை. தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, புகையில் நிற்கக் கூடாதாம். குனியக் கூடாதாம். இப்போது போய்.

அக்டோபர் 15, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். எழுதக் கூடாது என்றார்கள், எழுதுகிறேன்.

நீலம். முதலில் அதுதான். நர்ஸின் சீருடையை நான் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன். அது நீலம். கதவு நீலம். வெளியே வந்தால் வானம் இத்தனை நீலமாக இருக்க யார் அனுமதித்தார்கள் என்று தோன்றியது. இடது கண்ணை மூடினால் நீலம், வலது கண்ணை மூடினால் டீ நிறம். ஆட்டோவில் வீடு வரும் வரைக்கும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, கண்ணடிக்கீங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

கைக்குட்டைகள் வெள்ளை. கடைக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பங்குத்தந்தையிடமும். கொத்தனாரிடமும்.

அக்டோபர் 16, புதன்

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே விடவில்லை. வாசலிலிருந்தே தெரிந்தது. ஐந்து நாளாகத் துடைத்த பிறகும் தெரிந்தது. சுவரில் கை வைத்து வைத்து ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை. மின்விசிறியில் தொங்கும் நூல். உப்பு ஜாடியின் கழுத்தில் ஒரு வளையம். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு பேச்சியே தாங்கல. இப்ப ரெண்டு."

அழுக்கைப் பார்த்து யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா? எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

இருபதுக்குப் பதினொன்று. இடுப்புக்கு மேல் நான், கீழே பேச்சியம்மாள்.

அக்டோபர் 18, வெள்ளி

சவரிமுத்துவின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கிழவராகிவிட்டார். அவரும் என்னைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

நாளை மறு ஆய்வு. காலையில் கிளாட்வின் மார்க்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"பெரியம்மா, இந்தப் பதினாலு மாசத்து நோட்ட மேடத்துக்குத் திரும்பக் காட்ட வேண்டாம். காணாமப் போச்சுன்னு சொல்லிருவோம். நமக்கே எதிரா நிக்குது."

வாங்கி மேசையில் வைத்தேன். சிவப்பு மை எடுத்தேன். போன வருடம் ஜூலை முப்பதாம் தேதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு இருபதையும் அடித்தேன். நானூறுக்கும் மேல். புதிய கண்ணால் பார்க்க என் எழுத்து எவ்வளவு கோணலாக இருக்கிறது. சில நாட்களில் இருபது பாதி பக்கத்தைப் பிடித்திருந்தது. ஒரு பக்கத்தில் நான் எழுதியதன் மேலேயே திரும்ப எழுதியிருக்கிறேன்.

முதல் பக்கத்தில் மட்டும் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டேன்: "இங்கிருந்து அடுத்த பதினான்கு மாதம் சமையலறையை யாரும் பார்க்கவில்லை. எமிலியா மச்சாது."

கிளாட்வின் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தான். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். எங்கள் வீட்டில் அது வழக்கம் இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

எண்பத்து மூன்று.

இரண்டு மணி நேரம் பார்த்தாள். எனக்குத் தொண்டை உலர்ந்துவிட்டது. வாசல் நாற்காலியை விட்டு அசையவில்லை. தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்தபோது பேச்சியம்மாள் அதிகாரியின் பக்கத்திலேயே குந்தியிருந்தாள், தானும் எட்டிப் பார்த்தபடி. "மூடி புதுசு மேடம். நானே நின்னு வைக்க வச்சேன்."

"தெரியுது" என்றாள் ரஹ்மத் நிஷா.

பிறகு புத்தகம் கேட்டாள். சிவப்புக் கோடுகளைப் பார்த்தாள். முதல் பக்கக் குறிப்பை வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அவளுடைய முகத்தை முதல் முறையாகப் பார்த்தேன். வலது புருவத்தில் சின்னத் தழும்பு. நான் நினைத்ததைவிட இளையவள்.

"பதினேழு மார்க்கு போயிருக்கும்மா. சுவர்ல டைல்ஸ் வேணும், மீன் பெட்டி பழசு. அடுத்த வருசம் வருவேன்."

"சீக்கிரம் வா" என்றேன். அதிகாரியை ஒருமையில் பேசிவிட்டேன். அவள் சிரித்தாள்.

ஐம்பத்தெட்டு உள்ள தாளையும் எண்பத்து மூன்று உள்ள தாளையும் பக்கத்தில் பக்கத்தில் கல்லாவுக்கு மேல் மாட்டச் சொன்னேன்.

"பழசு எதுக்கு பெரியம்மா? பாக்கவன் பரோட்டா திங்காம ஓடுவான்."

"ஓடுறவன் ஓடட்டும். மத்தவன் ரெண்டையும் படிப்பான்."

சிஸ்டர் லியோனிக்குப் போன் செய்தேன். எண்பத்து மூன்று என்று சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. தொண்டை உலர்ந்திருந்ததால்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

இடது கண்ணும் ஆயிற்று. டீ நிறம் போய்விட்டது. ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது.

நவம்பர் 19, செவ்வாய்

பதினேழு. பேச்சியம்மாள் சவரிமுத்துவுக்கு அரை மார்க்குக் குறைத்தாள். அரை மார்க்கு என்று ஒன்று எங்கள் புத்தகத்தில் கிடையாது என்றேன். "அப்ப ஒண்ணாக் குறைங்க" என்றாள். அவர் நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. சாயங்காலம் அவளுக்கென்று எடுத்து வைத்த மீன் துண்டு மட்டும் பெரியது.

டிசம்பர் 7, சனி

நாளை விருந்து. அறுநூறு பேர். விளமீன் வந்திறங்கிவிட்டது, ஐஸில் இருக்கிறது. ரோஸலின்ட் நேற்றே வந்து ஹோட்டலில் சாப்பிட்டாளாம். இரண்டு தாளையும் நின்று படித்தாளாம். என்ன சொன்னாள் என்று கிளாட்வினைக் கேட்டேன். "எமிலி மாறவே இல்லன்னாங்க" என்றான். நாளை அவளைத் திருத்த வேண்டும்.

நேற்று டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். இனிக் குனியலாம்.

நான்கு மணிக்குப் புதுக் கைக்குட்டை ஒன்றை மடிப்புக் கலைத்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்புமேடைக்குப் போகவில்லை. பாத்திரத் தொட்டிக்கு எதிரே நின்று, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முட்டியைத் தரையில் வைத்தேன். ஒரு முட்டி, பிறகு மற்றது. சவரிமுத்து கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பேச்சியம்மாள் மட்டும் அசையாமல் நின்றாள்.

தொட்டிக்கு அடியில் இருட்டு. கல் காய்ந்து கிடந்தது. சுவரில் ஒரு கொக்கியில் ஈரத் துணி. கையை எட்டும் வரை நீட்டி, மூலைக்குள் கைக்குட்டையை ஓட்டி எடுத்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளை. திருப்பினேன். வெள்ளை. இருபது என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"பேச்சி, நீ பாத்துச் சொல்லு."

ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அவசரப்படவில்லை. நான்கு மூலையையும் விரித்துப் பார்த்தாள்.

"வெள்ளதாம்மா. ஆனா இந்தா, இந்த மூலையில ஒரு பொட்டு. கடுகளவு."

"எங்க?"

விரலால் காட்டினாள். இருந்தது. இரண்டு புதுக் கண்ணாலும் நான் பார்க்காத பொட்டு.

சவரிமுத்து, "நாளைக்கு விருந்து, இன்னைக்கு ஒரு நாளாவது முழுசாப் போடலாமே" என்றார்.

எழுதினேன்: பத்தொன்பது. பேச்சியம்மாள் தன் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டின் மேல் சரியாக நிறுத்தி எழுதினாள். அதற்குக் கீழே நான் கையெழுத்திட்டேன். அதற்குள் அவள் தொட்டிக்கு அடியில் பாதி உடம்போடு நுழைந்து அந்த மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காலை ஐந்து மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கிறோம்.